கைமாற்றலாம், ஆனால் என்ன விலைக்கு? நுழைவுச்சீட்டு மறுவிற்பனையில் சிங்கப்பூர் தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அழைத்துச் செல்வதற்காக நான்கு நுழைவுச்சீட்டுகள் வாங்கியிருந்தேன். சென்னையிலிருந்து வந்த திரையிசையமைப்பாளர் ஒருவரின் நிகழ்ச்சி. ஒரு சீட்டு 128 சிங்கப்பூர் வெள்ளி. நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருந்தபோது அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. சீட்டு விற்றவர்களைத் தொடர்புகொண்டபோது, பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று மட்டும் பதில் வந்தது. எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் வசிக்கும் தம்பதிக்கு இரண்டு சீட்டுகளையும், அக்காவுடன் பாலர் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியைக்கு மற்ற இரண்டையும் வாங்கிய விலைக்கே கொடுத்தேன். எனக்கு 512 வெள்ளி நட்டமாகவில்லை. நான்கு இருக்கைகளும் காலியாகக் கிடக்கவில்லை.

அடுத்த ஆண்டு நான் மறுபக்கத்தில் நின்றேன். அம்மா உடல்நலம் தேறியிருந்தார். அவருக்குப் பிடித்த பாடகர் வருகிறார் என்று தெரிந்ததும், விற்பனை தொடங்கிய காலையில் பத்து மணிக்கு முன்பே கணினியைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். இணைய வரிசையில் என் முறை வருவதற்குள் அம்மாவால் படியேறாமல் சென்று அமரக்கூடிய பகுதி முழுவதும் விற்றுத் தீர்ந்துவிட்டது. அன்று மதியமே அதே பகுதியின் சீட்டுகள் வேறொரு தளத்தில் இரண்டரை மடங்கு விலையில் பட்டியலிடப்பட்டிருந்தன. நான் அந்த விலையைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் பணம் பாடகருக்குப் போகவில்லை, அரங்குக்குப் போகவில்லை, இசைக்குழுவில் வயலின் வாசித்தவருக்கும் போகவில்லை என்ற எண்ணம் என்னைவிட்டு அகலவில்லை.

முதல் ஆண்டு நான் செய்ததும் மறுவிற்பனை. அடுத்த ஆண்டு என்னிடம் செய்யப்பட்டதும் மறுவிற்பனை. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறோம் என்பதால்தான் இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தடம் மாறிவிடுகிறது. தடை வேண்டும் என்பவர்கள் இரண்டாவதை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். தடை கூடாது என்பவர்கள் முதலாவதை முன்னிறுத்துகிறார்கள். சிங்கப்பூர் எந்த விதியைத் தேர்ந்தெடுத்தாலும் அது இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் இந்த அளவுகோலை வைத்தே எடைபோடுகிறேன்.

இன்றைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கிய நுழைவுச்சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதைத் தடுக்கும் தனிச்சட்டம் சிங்கப்பூரில் இல்லை. கையில் இல்லாத சீட்டை இருப்பதாகக் கூறிப் பணம் பறித்தால் அது ஏமாற்றுக் குற்றம். வணிகர் ஒருவர் பொய்யான தகவல் தந்து விற்றால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேள்வி கேட்கலாம். உண்மையான சீட்டை, உண்மையைச் சொல்லி, ஐந்து மடங்கு விலைக்கு விற்பது மட்டும் எந்தச் சட்டத்துக்கும் எதிரானதன்று. ஏற்பாட்டாளர்கள் தங்கள் விதிமுறைகளில் அனுமதியின்றி மறுவிற்பனை செய்யக்கூடாது என்று எழுதிவைப்பதுண்டு. ஆனால் அது வாங்குபவருக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். அதை நடைமுறைப்படுத்துவதும் படுத்தாததும் அவர்களின் விருப்பம்.

இந்த நிலை நெடுங்காலம் பெரிதாக யாரையும் உறுத்தவில்லை. 2023ஆம், 2024ஆம் ஆண்டுகளில் அது மாறியது. 2024 ஜனவரியில் கோல்ட்பிளே குழு தேசிய விளையாட்டரங்கத்தில் ஆறு நாள் நிகழ்ச்சி நடத்தியது. மார்ச் மாதத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் அதே அரங்கில் ஆறு நாள் பாடினார். தென்கிழக்காசியாவில் அவரது சுற்றுப்பயணம் நின்ற ஒரே ஊர் சிங்கப்பூர் என்பதால் வட்டாரம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் முட்டிமோதினார்கள். 2023 ஜூலையில் விற்பனை நடந்தபோது சிங்போஸ்ட் அஞ்சலகங்களின் வாசலில் இளையர்கள் இரவெல்லாம் படுத்துக் கிடந்து வரிசை பிடித்ததை நாம் பார்த்தோம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. சாதாரண இருக்கைகளின் உச்ச விலை 348 வெள்ளியாக இருந்தபோது, மறுவிற்பனைத் தளங்களில் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். கூடவே மோசடியும் பெருகியது. 2023இல் இசை நிகழ்ச்சிச் சீட்டு மோசடிகளில் 1,500க்கும் மேற்பட்டோர் சிக்கி, குறைந்தது 11 லட்சம் வெள்ளியை இழந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. ஸ்விஃப்ட் நிகழ்ச்சி நெருங்கியபோது, பொருள்களை வாங்கி விற்கும் இணையச் சந்தையான கரோசெல் தளம் அந்தச் சீட்டுகளுக்கான விளம்பரங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

மறுவிற்பனை ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஒரு சீட்டின் மேல் அச்சிட்ட விலை 200 வெள்ளி என்றும், அந்த இருக்கைக்கு 600 வெள்ளி கொடுக்கவும் போதுமான பேர் தயாராக இருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இடையில் 400 வெள்ளி கிடக்கிறது. கலைஞர் வேண்டுமென்றே விட்டுவைத்த தொகை அது. தம் பாட்டைக் கேட்டு வளர்ந்த மாணவரும் செவிலியரும் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காகவோ, அடுத்த முறை வரும்போதும் அரங்கு நிறைய வேண்டும் என்பதற்காகவோ, பேராசைக்காரர் என்ற பெயர் வரக்கூடாது என்பதற்காகவோ அவர் அப்படி விடுகிறார். காரணம் எதுவானாலும் அந்த 400 வெள்ளி ரசிகருக்கென்று விடப்பட்டது. மறுவிற்பனையாளர் அதை இடைமறித்து எடுத்துக்கொள்கிறார். ஆகவே, அந்த இடைவெளி யாருக்குச் சேர வேண்டும் என்பதே இங்குள்ள கேள்வி: ரசிகருக்கா, கலைஞருக்கா, இடையில் நிற்பவருக்கா?

இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூர் வேறு இரண்டு துறைகளில் ஏற்கெனவே விடை கண்டிருக்கிறது. கார் வாங்கும் உரிமையை 1990 முதல் ஏலத்தில் விடுகிறோம். வாகன உரிமைச் சான்றிதழுக்குத் தேவை எவ்வளவு கூடினாலும் அந்தப் பணம் அரசாங்கக் கருவூலத்தில் சேர்கிறது. இடைத்தரகர் யாரும் அதை அள்ளிக்கொண்டு போவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் புதிய வீட்டை அதற்கு நேர்மாறாக, சந்தை விலைக்குக் குறைவாக, குலுக்கல் முறையில் கொடுக்கிறோம். கொடுத்த கையோடு, குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதில் குடியிருந்த பிறகே விற்கலாம் என்று கட்டுப்படுத்துகிறோம். நல்ல அமைவிடங்களில் உள்ள பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு அது பத்து ஆண்டுகள். குறைந்த விலைக்குக் கொடுத்த பொருளை மறுநாளே சந்தை விலைக்கு விற்க விட்டால் குறைந்த விலையில் கொடுத்ததற்கே பொருளில்லாமல் போய்விடும் என்பது எல்லாருக்கும் புரிந்திருப்பதால்தான் அந்த விதியை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. வீடும் இசை நிகழ்ச்சியும் ஒன்றன்று. ஒன்று வாழ்க்கைக்கு அடிப்படை, மற்றது இன்பம். ஆனாலும் தர்க்கம் ஒன்றுதான். இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டாகத் தேசிய தின அணிவகுப்பு இருக்கிறது. அதன் சீட்டுகள் குலுக்கலில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை விற்கக்கூடாது. விற்பவரைப் பற்றித் தெரியவந்தால் நாம் முகம் சுளிக்கிறோம்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி, இன்றுபோலவே விட்டுவிடுவது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை வெறும் வணிக வாதங்கள் அல்ல. ஆறு மாதத்துக்கு முன்பே சீட்டு வாங்கிவைக்க எல்லாராலும் முடியாது. சுழற்சி முறையில் வேலை செய்பவருக்கு அடுத்த மாத அட்டவணையே தெரியாது. கடைசி வாரத்தில் விடுப்புக் கிடைத்தவுடன், கூடுதல் பணம் கொடுத்தாவது போக வேண்டும் என்று நினைப்பவருக்கு மறுவிற்பனைச் சந்தைதான் ஒரே கதவு. பணம் இல்லாதவருக்கு நேரம் இருக்கிறது, நேரம் இல்லாதவருக்குப் பணம் இருக்கிறது, இருவருக்கும் வழி இருக்கட்டும் என்கிறது இந்த வாதம். வரிசையில் நின்று வாங்கியவர் தம் உழைப்புக்குக் கூலி பெறுகிறார் என்றும் சொல்வார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த வாதத்தை நான் ஏற்றிருப்பேன். அப்போது பிளாக்கில் டிக்கெட் விற்றவர் உண்மையிலேயே வரிசையில் நின்றார். அவரால் பத்துச் சீட்டு வாங்க முடிந்தாலே அதிகம். இன்று வாங்குவது மென்பொருள். நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகளை வைத்து ஒரே நொடியில் இருக்கைகளைப் பிடித்துவைக்கக்கூடிய ஒன்றோடு, கைப்பேசியில் விரல் நடுங்க அட்டை எண்ணைத் தட்டும் மனிதர் போட்டியிட வேண்டியிருக்கிறது. இதில் உழைப்பின் கூலி என்று எதைச் சொல்வது? மேலும், மறுவிற்பனையாளர் கடைசி நேரத்தில் வருபவருக்கு உதவுவதற்காக இருக்கைகளைச் சேமித்துவைக்கவில்லை. அவர் முதல் நிமிடத்திலேயே தட்டுப்பாட்டை உண்டாக்கி, அதே தட்டுப்பாட்டை விலைபேசுகிறார். இன்னும் மோசமான வழக்கம் ஒன்றும் உண்டு: விற்பனை தொடங்குவதற்கு முன்பே, கையில் ஒரு சீட்டும் இல்லாமல், கிடைக்கும் என்ற ஊகத்தில் இருக்கைகளைப் பட்டியலிட்டு முன்பணம் வாங்குவது. கிடைக்காவிட்டால் நிகழ்ச்சி நாளன்று அரங்கு வாசலில் நிற்பவர் வாங்கியவரே.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது இரண்டாவது வழி: சீட்டை வாங்கியவரின் பெயரோடு பிணைத்துக் கைமாறுவதையே தடுத்துவிடுவது. சீனா இந்தத் திசையில் வெகுதூரம் சென்றிருக்கிறது. 2023இல் அங்கு வந்த விதிகளின்படி, 5,000 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளில் ஓர் அடையாள அட்டைக்கு ஒரு காட்சிக்கு ஒரு சீட்டுத்தான். நுழையும்போது ஆளும் அட்டையும் சீட்டும் ஒத்திருக்க வேண்டும். கள்ளச்சந்தையை இதைவிடக் கடுமையாக நெருக்க முடியாது. தொழில்நுட்ப அளவில் சிங்கப்பூரிலும் இது எளிதுதான். அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக வாங்கவும் வாசலில் சரிபார்க்கவும் ஒரு திட்டம் வகுப்பது கடினமான வேலையன்று. ஆனால் இங்கு நிகழ்ச்சி பார்க்க வருபவர்களில் பலர் ஜொகூரிலிருந்தும் ஜகார்த்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குக் கடப்பிதழ் வழி வேறு ஏற்பாடு வேண்டும். 55,000 பேர் நுழையும் அரங்கில் ஒவ்வொரு கடப்பிதழையும் பார்த்து அனுப்புவதற்கு எத்தனை வாயில், எத்தனை மணிநேரம் என்பதை ஏற்பாட்டாளர்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய தடையாகத் தெரிவது என் தாயாரின் நான்கு சீட்டுகள். பெயரோடு பிணைத்த சீட்டை வைத்திருந்தால், அன்று நான் அதை ஆறாம் மாடிக்குக் கொடுத்திருக்க முடியாது. கைமாற்றவும் கூடாது, பணமும் திரும்பாது என்றால் நோயும் மரணமும் திடீர் வேலைப் பயணமும் வாங்கியவரின் தலையில் மட்டுமே விடிகின்றன. ஏற்பாட்டாளருக்குக் காலி இருக்கைக்கும் பணம் கிடைத்துவிடுகிறது. சீன விதிகளிலேயே, பெயர்ப் பிணைப்போடு படிப்படியான கட்டணப் பிடித்தத்துடன் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லப்பட்டது. அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் இங்கே கொண்டுவந்தால் ரசிகரைக் காப்பதாகச் சொல்லி ரசிகரையே தண்டித்ததாகிவிடும்.

ஜப்பானும் தைவானும் மறுவிற்பனையைத் தடைசெய்துவிட்டன என்று நம்மிடையே பேசிக்கொள்கிறார்கள். அது முழு உண்மையன்று. அந்த வேறுபாடு நம் முடிவுக்கு மிக முக்கியமானது. 2019 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த ஜப்பானியச் சட்டம், ஏற்பாட்டாளரின் ஒப்புதலின்றி, தொழிலாக, மூல விலையைவிடக் கூடுதலாக விற்பதையே குற்றமாக்குகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறையோ பத்து லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கப்படலாம். வர முடியாமல் போனவர் வாங்கிய விலைக்கே இன்னொருவருக்குக் கொடுப்பதை அந்தச் சட்டம் தொடவில்லை; அப்படிக் கொடுப்பதற்கென்றே இசைத்துறையினரின் ஆதரவோடு அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளமும் இயங்குகிறது. தைவான் 2023இல் தன் சட்டத்தைத் திருத்தி, சீட்டு விலைக்கு மேல் விற்பவருக்கு அந்த விலையைப்போல் 10 முதல் 50 மடங்கு வரை அபராதமும், மென்பொருள்கொண்டு முறைகேடாக வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் வைத்தது. தென்கொரியா 2024 மார்ச் முதல், தானியங்கி மென்பொருளால் வாங்கிய சீட்டுகளை விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. கடுமைக்குப் பெயர்பெற்ற இந்த நாடுகள்கூடக் கைமாறுவதை விட்டுவிட்டு லாபத்தையும் வாங்கிய முறையையும்தான் தண்டிக்கின்றன.

வாங்கும் முறையை மட்டும் பிடித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்கா 2016இல் அப்படித்தான் செய்தது. மென்பொருள் வழி வாங்குவதற்கு எதிரான அந்தக் கூட்டரசுச் சட்டத்தின்கீழ் முதல் நடவடிக்கை 2021இல்தான் வந்தது. யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கணக்கில் வாங்கினார் என்பதை மெய்ப்பிப்பது அவ்வளவு கடினம். விற்கும் விலை அப்படியன்று. அது திரையில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

மூன்றாவது வழிக்கு இதுவே வாசல்: விலைக்கு உச்சவரம்பு. அயர்லாந்து 2021இல் இயற்றிய சட்டம் 1,000 பேருக்குக் குறையாத அரங்குகளையும் நிகழ்ச்சிகளையும் குறிப்பிட்டு அறிவிக்க வழிசெய்து, அவற்றின் சீட்டுகளை மூல விலைக்கு மேல் விற்பதைத் தடுக்கிறது. ஒரு லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மூல விலைக்கு மேல் பத்து விழுக்காடு வரை அனுமதிக்கிறது. பிரிட்டன் முதலில் முப்பது விழுக்காடு வரையிலான வரம்புகளைப் பற்றிக் கருத்துக் கேட்டது. 2025 நவம்பரில், மூல விலைக்கு மேல் விற்பதையே தடைசெய்யப்போவதாகவும், மறுவிற்பனைத் தளங்கள் வசூலிக்கும் சேவைக் கட்டணத்துக்கும் வரம்பு வைக்கப்போவதாகவும் அறிவித்தது. அந்தக் கட்டண வரம்பை எளிதாக எண்ணிவிடக் கூடாது. விலைக்கு மட்டும் வரம்பு வைத்துக் கட்டணத்தை விட்டுவிட்டால், இருநூறு வெள்ளிச் சீட்டுக்கு இருநூறு வெள்ளி கையாளும் கட்டணம் என்ற புது வடிவில் அதே பணம் கைமாறும்.

உச்சவரம்புக்கு எதிரான வாதங்களில் ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். வரம்பு வைத்தால் பதிவுபெற்ற தளங்கள் அந்த வணிகத்தைக் கைவிடும். வாங்குபவரும் விற்பவரும் டெலிகிராம் குழுக்களுக்குப் போவார்கள். அங்கு பேநவ் வழியாகப் பணம் அனுப்பிய மறுநொடி எதிரில் இருப்பவர் மறைந்துவிடுவார். மறுவிற்பனை நிறுவனங்கள் தங்கள் நலனுக்காகவே இதைச் சொல்கின்றன என்பது உண்மை. ஆனாலும் சொல்பவரைப் பார்த்துச் சொல்லப்படுவதைத் தள்ளிவிட முடியாது. நம் ஊரில் ஸ்விஃப்ட் சீட்டுகளின் பெயரில் மட்டும் 960 பேர் ஏமாற்றப்பட்டார்கள், ஐந்து லட்சம் வெள்ளிக்கு மேல் பறிபோயிற்று என்று காவல்துறை சொன்னபோது, அந்த ஏமாற்றுகளில் பலவும் இத்தகைய தனிப்பட்ட உரையாடல்களில்தான் நடந்திருந்தன. என்னுடன் பணிபுரியும் தம்பி ஒருவர் தங்கைக்காக 700 வெள்ளி அனுப்பிவிட்டு, அனுப்பப்பட்ட சீட்டின் படம் திருத்தப்பட்டது என்பதை இரண்டு நாள் கழித்தே கண்டுபிடித்தார். பணத்தைவிட, தங்கையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவர் அதிகம் தவித்தார்.

ஆனால் இந்த வாதத்தைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். அந்த 960 பேரும் ஏமாந்தது உச்சவரம்பு ஏதும் இல்லாத சிங்கப்பூரில். மறுவிற்பனைக்குத் தடையே இல்லாத காலத்தில்தான் அவர்களில் பலர் டெலிகிராம் போன்ற இடங்களுக்குப் போனார்கள். பட்டியலிட்ட தளங்களில் விலை எட்டாத உயரத்தில் இருந்ததும், இங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னதும்தான் அவர்களை அங்கே இழுத்தன. நம்பத்தகுந்த இடத்தில், நியாயமான விலைக்கு, உண்மையான சீட்டு கிடைத்திருந்தால் அவர்களில் பலர் அங்கு போயிருக்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது. மோசடியைத் தடுப்பது வரம்பு இருப்பதையோ இல்லாததையோ பொறுத்தது அன்று. மாற்றுக் கதவு திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏற்பாட்டாளரே தேவைக்கேற்ப விலையை ஏற்றி, அந்த 400 வெள்ளி இடைவெளியை எடுத்துக்கொள்வது. மறுவிற்பனையாளருக்கு அள்ள எதுவும் மிஞ்சாது. பணம் மேடையில் நிற்பவருக்காவது போகும். பொருளியல் பாடத்தில் இது குற்றமற்ற விடை. 2024இல் பிரிட்டனில் ஓயேசிஸ் குழுவின் சீட்டுகள் வரிசையில் காத்திருந்தவர்களின் கண்முன்னே விலையேறியபோது எழுந்த கொந்தளிப்பைப் பார்த்தவர்களுக்கு, மக்கள் ஏன் அதை ஏற்கவில்லை என்று விளக்க வேண்டியதில்லை. அதைத் தேர்ந்தெடுக்கக் கலைஞருக்கு உரிமை உண்டு. விதியாக அதை யாரும் திணிக்கக் கூடாது. குறைந்த விலைக்குப் பாட விரும்பும் கலைஞரின் எண்ணம் நிறைவேறச் சட்டம் துணைநிற்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

ஆகவே நான் உச்சவரம்பின் பக்கம் நிற்கிறேன். மூல விலையோடு, வாங்கும்போது கட்டிய முன்பதிவுக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் போகக் கூடாது. தளத்தின் சேவைக் கட்டணம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அதை மட்டும் தனியே கொண்டுவருவதை எதிர்ப்பேன். அதோடு சேர்த்து, ஏற்பாட்டாளர் ஒவ்வொருவரும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்வரை சீட்டைத் திரும்பப் பெற்று அடுத்தவருக்கு மூல விலையில் விற்கும் ஏற்பாட்டைத் தம் விற்பனைத் தளத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். சீட்டின் பழைய பட்டைக்குறியை (பார்கோடு) அழித்துப் புதியதை வாங்குபவரின் பெயரில் வழங்கிவிட்டால் போலிச் சீட்டுக்கும், ஒரே சீட்டை நால்வருக்கு விற்பதற்கும் அங்கு இடமே இருக்காது. கைப்பேசிச் சீட்டு பரவலாகிவிட்ட இக்காலத்தில் இது பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடன்று. சொந்த வசதிக்காகக் காகிதச் சீட்டை ஒழித்த துறை, வாங்கியவரின் வசதிக்காக இந்த ஒரு பொத்தானைச் சேர்க்க முடியாது என்று சொல்வதை ஏற்கத் தேவையில்லை.

பொறுப்பைத் தனிமனிதர்மேல் சுமத்துவதைவிடத் தளங்கள்மேல் சுமத்துவதே இங்கு பலன் தரும். ஒரு சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்ற கல்லூரி மாணவரைத் தேடிப்பிடித்து அபராதம் விதிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. இருக்கை எண்ணும் மூல விலையும் இல்லாத விளம்பரத்தை ஏற்கக் கூடாது என்றும், ஒருவர் ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை சீட்டு வாங்க அனுமதிக்கப்பட்டாரோ அதற்கு மேல் விற்க விடக்கூடாது என்றும் தளத்துக்கு விதித்தால் போதும். இதற்கு முன்மாதிரியும் இங்கேயே உள்ளது. இணையக் குற்றத் தீங்குகள் சட்டத்தின்கீழ் 2024இல் வந்த நடைமுறை விதிகள், கரோசெல், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் ஐயத்துக்கிடமான விற்பனையாளர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும்படி கேட்கின்றன. சீட்டு விற்பவர்களை அந்த வட்டத்துக்குள் கொண்டுவருவது புதிய கட்டடம் எழுப்புவது போன்றதன்று. இருக்கும் கட்டடத்தில் ஓர் அறை சேர்ப்பதுதான்.

வெளிநாட்டில் பதிவான மறுவிற்பனைத் தளங்கள் இந்த விதிக்குக் கட்டுப்படுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாம் கட்டுப்படா. சூதாட்டத் தளங்களை முடக்குவதுபோல் இவற்றையும் முடக்கலாம் என்று சிலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. இசைச் சீட்டுக்காக அந்த அளவு ஆயுதத்தை எடுப்பது தகாது. ஆனால் அத்தகைய தளத்தில் இருந்து வாங்கிய சீட்டுக்கும் கடைசியில் தேசிய விளையாட்டரங்கம் இருக்கும் கல்லாங்கின் வாசலில்தான் உயிர். புதிய பட்டைக்குறி அதிகாரபூர்வ வழியில் மட்டுமே கிடைக்கும் என்றாகிவிட்டால், ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ இருக்கும் நிறுவனம் என்ன விலை வைத்தாலும் அதற்கு இங்கு பொருள் குறைந்துபோகும்.

இந்த விதி எல்லா நிகழ்ச்சிக்கும் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. நம் தமிழ் நிகழ்ச்சிகளின் அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன். முன்னணி இசையமைப்பாளர்கள் வரும்போது சிங்கப்பூர் உள்ளரங்கம் (இண்டோர் ஸ்டேடியம்) நிரம்பி வழிகிறது. ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கும் எத்தனையோ மெல்லிசை, கர்நாடக இசை, நாடக நிகழ்ச்சிகளில் கடைசி வாரத்தில் சீட்டுகள் அச்சிட்ட விலைக்கும் குறைவாகவே கைமாறுகின்றன. வர முடியாதவர் ஐம்பது வெள்ளிச் சீட்டை முப்பதுக்கு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். யாரோ ஒரு மூத்தவர் அதை வாங்கிக்கொண்டு போய் மகிழ்கிறார். சிறிய அரங்கை வாடகைக்கு எடுத்து, சொந்தப் பணத்தைப் போட்டு நிகழ்ச்சி நடத்தும் கலைக்குழுவின்மேல் திரும்பப் பெறும் தளம், அறிக்கை, சரிபார்ப்பு என்று சுமையை ஏற்றினால் அடுத்த ஆண்டு அந்த நிகழ்ச்சியே நடக்காது. அயர்லாந்தைப்போல் ஓர் அளவுகோல் வைத்து, இங்குள்ள நிலைமைக்கு 5,000 இருக்கைகள் என்று கொண்டால், ஸ்டார் தியேட்டர், உள்ளரங்கம், தேசிய விளையாட்டரங்கம் ஆகியவை உள்ளே வரும். எஸ்பிளனேட்டின் சுமார் 1,600 இருக்கைக் கச்சேரி மண்டபமும் சமூக மன்ற மேடைகளும் வெளியே நிற்கும். அளவு எதுவென்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. அளவு ஒன்று வேண்டும் என்பதில் உண்டு.

மறுவிற்பனையைப் பற்றியே பேசி முதல் விற்பனையை மறந்துவிடக் கூடாது. ஒரு நிகழ்ச்சியின் இருக்கைகளில் எத்தனை பொது விற்பனைக்கு வந்தன, எத்தனை விளம்பரதாரர்களுக்கும் அழைக்கப்பட்ட விருந்தினர்களுக்கும் ஒதுக்கப்பட்டன, எத்தனை கடன் அட்டை வைத்திருப்பவர்களின் முன்விற்பனைக்குப் போயின என்பது வாங்குபவருக்குத் தெரிவதேயில்லை. சீன விதிகள் குறைந்தது 85 விழுக்காடு இருக்கைகள் பொது விற்பனைக்கு வர வேண்டும் என்கின்றன. அத்தகைய வரம்பை இங்கே கேட்கவில்லை. எண்ணிக்கையை விற்பனைக்கு முன் அறிவித்தால் போதும். குறிப்பிட்ட வங்கியின் அட்டை இல்லாத ஒருவர், தம் வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு வரிசையில் நிற்பது அவருக்குரிய மரியாதை. அதிகத் தேவையுள்ள நிகழ்ச்சிகளுக்கு, விரைவுப் போட்டியைக் கைவிட்டுக் குலுக்கலுக்கு மாறுவதும் மென்பொருளின் வலிமையைப் பெருமளவு குறைக்கும். யார் முதலில் வந்தார் என்பதற்கு மதிப்பில்லாத இடத்தில் வேகம் கைகொடுக்காது. தேசிய தின அணிவகுப்புக்கு நாம் காலங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தான்.

தீர்க்கப்படாத சிக்கல் ஒன்று மீதமிருக்கிறது. விதி எழுதுபவர்கள் அதைத் தொடாமல் விட்டால் மற்ற எல்லாம் வீணாகிவிடும். சுற்றுலாப் பயணிகளுக்காக ஹோட்டல் அறையோடு சேர்த்து நுழைவுச்சீட்டை ஒரே தொகுப்பாக விற்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. ஏற்பாட்டாளரின் ஒப்புதலோடு விற்கப்படும் தொகுப்புகள் வட்டார ரசிகர்களை இங்கு அழைத்துவருகின்றன; அவற்றைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நாளை உச்சவரம்பு வந்தவுடன், மறுவிற்பனையாளர் ஒருவர் 200 வெள்ளிச் சீட்டோடு ஒரு தொப்பியையும் ஒரு வேளை உணவையும் சேர்த்து 700 வெள்ளித் தொகுப்பு என்று விற்கலாம். சீட்டு 200 வெள்ளிதான், தொப்பிதான் விலை அதிகம் என்பார். ஒப்புதல் பெற்ற தொகுப்பில் சீட்டின் மூல விலையைத் தனியே அச்சிட வேண்டும் என்றும், ஒப்புதல் இல்லாத தொகுப்பில் மொத்தத் தொகையையே சீட்டின் விலையாகக் கொள்ள வேண்டும் என்றும் சட்டத்தின் வரையறைப் பகுதியிலேயே எழுதிவிட வேண்டும்.